மூப்பா, மாற்றானா?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையிலே கம்பனைப் பற்றியும் இளங்கோவைப் பற்றியும் பேசக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ குத்துச்சண்டை. இது தமிழ்ச் சங்கத்தில் பேசத்தக்க பொருளா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் பாடினார். அப்பாடல்கள் புறநானூற்றிலே இடம்பெற்றிருக்கின்றன. மாமல்லன் என்ற பெயரை ஒரு பல்லவ மன்னன் விரும்பிச் சூடிக்கொண்டான். அப்பெயரிலேயே ஒரு கடற்கரைப் பட்டினம் இன்றளவும் விளங்குகின்றது. வடசென்னையிலே சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக்கே பரம்பரைகள் இருந்தன. 2021ஆம் ஆண்டு வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் அந்தப் பழைய கதையை நம் பிள்ளைகளுக்கு நினைவூட்டியது. ஆகவே, தோள்வலியைப் பற்றிப் பேசுவது தமிழ் மரபுக்குப் புறம்பன்று.

நம் காலனியிலே இளைஞர்கள் கூடுமிடத்தில் ஒரு வழக்கு நெடுநாளாக நடந்துவருகின்றது. மிகப் பெரிய குத்துச்சண்டை வீரர் ஒருவர் முதிர்ந்த வயதிலே தோற்றால், அந்தத் தோல்விக்குக் காரணம் அவருடைய மூப்பா, அல்லது எதிரே நின்றவரின் சண்டை முறையா? மூப்புதான் என்பது ஒரு கட்சி. முறைதான் என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் சாட்சியாக அழைப்பது ஒரே மனிதரை. அவர் முகம்மது அலி.

அந்த மனிதருக்கும் நம் டில்லி மாநகருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1980ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் இந்தியாவுக்கு வந்தார். மீண்டும் பிரதமராகிச் சில நாட்களே ஆகியிருந்த இந்திரா காந்தி அம்மையாரைச் சந்தித்தார். ஜனவரி 27ஆம் நாள் இந்நகரத்திலே, நம் இராணுவ வீரரான கௌர் சிங் அவர்களோடு நான்கு சுற்றுக் காட்சிப் பந்தயம் ஆடினார். சென்னைக்கும் சென்றார்; அங்கே நேரு விளையாட்டரங்கிலே தம் இளமைக்கால நண்பரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிசோடு கையுறை அணிந்து மேடையேறினார். அந்நாளில் தமிழகத்தின் முதலமைச்சராயிருந்தவர் எம்.ஜி.ஆர்.

அப்பொழுது அலிக்கு 38 வயது நிரம்பிச் சில நாட்களே ஆகியிருந்தன. முந்திய ஆண்டிலேயே தாம் ஓய்வுபெற்றுவிட்டதாக அவர் உலகுக்கு அறிவித்திருந்தார். டில்லியிலும் சென்னையிலும் திரண்ட மக்கள், போர் முடித்து வாளை உறையிலிட்ட ஒரு மாவீரரைக் காண்பதாகவே எண்ணினார்கள். ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலே, லாரி ஹோம்ஸ் என்ற 30 வயது சாம்பியனுக்கு எதிரே அவர் மீண்டும் நின்றார். பத்துச் சுற்றுகள் நடந்தன. மூன்று நடுவர்களின் கணக்கிலும் பத்துச் சுற்றுகளும் ஹோம்சுக்கே போயின. பதினோராம் சுற்றுக்கு அலியை அனுப்ப அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி மறுத்துவிட்டார். டில்லியில் நாம் கண்டு கைதட்டிய அந்த மனிதர், எட்டே மாதத்தில் மூலையிலிருந்த நாற்காலியிலே எழ இயலாதவராய் அமர்ந்திருந்தார்.

இந்தத் தோல்வியைத்தான் இரு கட்சியாரும் தத்தம் பக்கத்துக்கு இழுக்கின்றார்கள். நாம் இரு பக்கத்து வாதங்களையும் அமைதியாகக் கேட்போம்.

முதலில் மூப்பின் கட்சி. அலியின் இளமை எத்தகையது? 1964ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், 22 வயது இளைஞராக, எல்லாரும் அஞ்சிய சானி லிஸ்டனை அவர் வென்றார். ஏழாம் சுற்றுக்கு லிஸ்டன் எழுந்து வரவேயில்லை. பெருவுடல் படைத்த ஹெவிவெயிட் வீரர்களிடையே அதுவரை காணாத கால்வேகம் அவரிடம் இருந்தது. குத்துச்சண்டை கற்பிப்போர், கையுறைகளை முகத்தருகே உயர்த்திக் காத்துக்கொள்ளுமாறு மாணவருக்குச் சொல்வார்கள். அலி அவ்வாறு செய்யவில்லை. கைகளைத் தாழ்த்திக்கொண்டு, குத்து வரும் கணத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்துத் தப்புவார். பிறர் செய்தால் பெரும்பிழையாகும் இச்செயல், அவருக்கு மட்டும் கலையாயிற்று. கண் கண்டதைக் கால் உடனே செய்யும் விரைவு அவரிடம் இருந்ததே அதற்குக் காரணம்.

1967ஆம் ஆண்டு வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. மூன்றரை ஆண்டுகள் மேடையேற முடியாமற் போயிற்று. 25 வயதில் இறங்கியவர் 28 வயதில், 1970 அக்டோபரில் திரும்பினார். உச்சநீதிமன்றம் 1971இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் போன கால்களை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்? திரும்பி வந்த அலி, சுற்றுக்குச் சுற்று நடனமாடிய பழைய அலி அல்லர். முன்பெல்லாம் காற்றைத் தொட்டுச் சென்ற குத்துகள் இப்பொழுது அவர் உடலைத் தொடத் தொடங்கின. 1978 பிப்ரவரியிலே, அதற்குமுன் ஏழே தொழில்முறைப் பந்தயங்கள் ஆடியிருந்த லியான் ஸ்பிங்ஸ் என்ற 24 வயது இளைஞரிடம் பட்டத்தை இழந்தார். ஏழே மாதத்தில் அதை மீட்டார் என்பது உண்மை. ஆனால் மீட்டதும் தளர்ந்த உடலோடுதான். பிறகு ஹோம்ஸ், பிறகு 1981 டிசம்பரிலே பஹாமாஸ் தீவிலே டிரெவர் பெர்பிக்கிடம் இறுதித் தோல்வி. இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், காலமே அவரை வென்றது என்பது தெளிவன்றோ என்று கேட்கின்றது மூப்பின் கட்சி.

மறுகட்சியார் எழுந்து நிற்கின்றார்கள். அவர்களிடமும் வலிய சான்று இருக்கின்றது. மூப்பே யாவும் என்றால் 1974ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாளை எவ்வாறு விளக்குவீர்கள் என்று அவர்கள் வினவுகின்றார்கள். அன்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரிலே அலிக்கு வயது 32. எதிரே நின்ற ஜார்ஜ் ஃபோர்மனுக்கு 25. அந்த ஃபோர்மன் யார்? 1971இல் அலியைப் பதினைந்து சுற்றுகளில் வென்ற ஜோ ஃபிரேசியரை, 1973 ஜனவரியில் இரண்டே சுற்றுகளுக்குள் ஆறு முறை தரையில் வீழ்த்தியவர். 1973 மார்ச்சிலே அலியின் தாடையை உடைத்து வென்ற கென் நார்ட்டனை, அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே இரண்டு சுற்றுகளில் முடித்தவர். அலியை வென்றவர் இருவரையும் நொறுக்கியவர், அலியை என்ன செய்வார்? உலகமே அலியின் உயிருக்கு அஞ்சியது. நடந்தது என்ன? எட்டாம் சுற்றிலே விழுந்தவர் ஃபோர்மன்.

இங்கே பள்ளிக்கூடக் கணக்கு உதவவில்லை. ஃபிரேசியர் அலியினும் பெரியவர், ஃபோர்மன் ஃபிரேசியரினும் பெரியவர், ஆகவே ஃபோர்மன் அலியினும் பெரியவர் என்று கணக்கு ஆசிரியர் முடிவு கட்டுவார். குத்துச்சண்டை மேடையிலே அந்த விதி செல்லாது. ஏன் செல்லாது என்பதற்குச் சண்டை முறைகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபிரேசியர் குள்ளமானவர். தலையைத் தாழ்த்தி, உடலை அசைத்துக்கொண்டே எதிரியின் மார்போடு மார்பாக நெருங்குவார். நெருங்கியதும் இடக்கையை வளைத்து வீசுவார். தலையைப் பின்னுக்கு இழுத்துத் தப்பும் அலிக்கு, பக்கவாட்டிலிருந்து வளைந்துவரும் இந்த இடக்கைக் குத்துதான் பெரும்பகை. நார்ட்டனோ, இரு கைகளையும் குறுக்காகப் பிடித்துக் காத்துக்கொண்டு, அலி தம் இடக்கையை நேராக நீட்டும் அதே கணத்தில் தாமும் நீட்டுவார். 'ஜாப்' என்று சொல்லப்படும் அந்த நேர்க்குத்துதான் அலியின் வாசற்கதவு. அதையே நார்ட்டன் தடுத்துவிட்டார். இந்த உபாயத்தைக் கற்பித்தவர் எட்டி ஃபட்ச் என்ற பயிற்சியாளர். நார்ட்டனோடு அலி மூன்று முறை ஆடினார், மூன்றும் நெருக்கமானவை. அலி இளமையோடு இருந்திருந்தாலும் நார்ட்டன் அவருக்குத் தொல்லையாகவே இருந்திருப்பார் என்று வல்லுநர் பலர் கருதுகின்றார்கள்.

ஃபோர்மன் வேறு வகை. மரம் வெட்டுபவனைப்போல் அகலமாக வீசுபவர். தம்மை நோக்கி நெருங்கி வருபவர்களை எளிதில் அடித்து வீழ்த்துவார். ஃபிரேசியரும் நார்ட்டனும் அவ்வாறுதான் வீழ்ந்தார்கள். அலி நெருங்கவில்லை. கயிற்றிலே சாய்ந்துகொண்டு, முகத்தைக் கைகளால் மறைத்து, கைகளிலும் விலாவிலும் குத்து வாங்கினார். ஏழு சுற்றுகள் வீசிய ஃபோர்மன் களைத்தார், எட்டில் விழுந்தார். ஆகவே வயதில் ஏழாண்டு மூத்தவர் வென்றதற்குக் காரணம், எதிரியின் முறை அவருக்கு வாய்ப்பாக அமைந்ததே என்கின்றது இரண்டாம் கட்சி.

நண்பர்களே, இரண்டு வாதங்களும் கேட்க இனியவை. இரண்டும் தனித்து நின்றால் குறையுள்ளவை. இவற்றை எடைபோட நமக்கு ஒரு தராசு வேண்டும். அது வேற்று நாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வலியை அறிவது என்றால் தன் தோளை மட்டும் தடவிப் பார்ப்பதன்று. செய்யப்போகும் செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைநிற்போரின் வலிமை என்ற நான்கையும் ஒருங்கே வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அரசனுக்குச் சொன்ன இந்த நான்கும் மல்லனுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

முதலாவது, செயலின் வலிமை. எந்தச் சண்டை, எத்தனை சுற்று என்பதை மறந்து மூப்பைப் பேசலாகாது. நம் நாட்டு ஹவா சிங், ஹெவிவெயிட் பிரிவிலே 1966, 1970 ஆகிய இரண்டு ஆசியப் போட்டிகளிலும் தங்கம் வென்றவர். இரண்டாவது தங்கத்தின்போது முப்பதைக் கடந்திருந்தார். அலியோடு டில்லியில் ஆடிய கௌர் சிங்கும் முப்பதைக் கடந்த பின்னரே, 1982இல் இதே டில்லியில் நடந்த ஆசியப் போட்டியில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். அவர்கள் ஆடியது மூன்றே சுற்றுகள் கொண்ட அமெச்சூர் பந்தயம். தொழில்முறைப் பட்டப் பந்தயமோ அந்நாளில் பதினைந்து சுற்றுகள். ஒன்பது நிமிடம் நிற்கும் மூச்சும், நாற்பத்தைந்து நிமிடம் நிற்கும் மூச்சும் ஒன்றல்ல. முப்பதைக் கடந்தவரின் மூப்பு முதல் மூன்று சுற்றுகளில் ஒளிந்துகொள்ளும். பன்னிரண்டாம் சுற்றிலே தானாக வெளிப்படும்.

இரண்டாவது, தன் வலிமை. மூப்பு என்பது ஒரே நாளில் வந்து எல்லாவற்றையும் அள்ளிச் செல்லும் வெள்ளமன்று. அது ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லும். முதலில் போவது கால். அடுத்துப் போவது, கண்டவுடன் அசையும் விரைவு. பிறகு, வாங்கிய அடியிலிருந்து மீளும் ஆற்றல். கடைசி வரை தங்குவது குத்தின் கனம். இதனால் விளைவது என்ன? கால்விரைவை நம்பி வாழ்ந்தவன் விரைவில் கிழவனாகின்றான். கைக்கனத்தை நம்பி வாழ்ந்தவன் தாமதித்துக் கிழவனாகின்றான்.

இதற்குச் சான்று, கின்ஷாசாவில் விழுந்த அதே ஃபோர்மன். 1977இல் விலகிய அவர், பத்தாண்டு கழித்து 1987இல் கனத்த உடலோடு திரும்பி வந்தார். உலகம் நகைத்தது. 1994 நவம்பர் 5ஆம் நாள், 45 வயதிலே, 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தி மீண்டும் உலகச் சாம்பியனானார். அன்று அவர் அணிந்திருந்தது, இருபது ஆண்டுக்கு முன் கின்ஷாசாவில் அணிந்த அதே அரைக்கால்சட்டை. கால்கள் என்றோ போயிருந்தன. அவர் அவற்றை என்றும் நம்பியதில்லையாதலால் அவற்றின் இழப்பும் அவரைப் பெரிதாக வருத்தவில்லை. அலிக்கோ, போனது அவருடைய கோட்டைச் சுவரே. கைகளைத் தாழ்த்தி ஆடிய பழக்கம் நின்றுவிட்டது. தாழ்ந்த கைகளைக் காத்த விரைவு போய்விட்டது.

மூன்றாவது, எதிரியின் வலிமை. இங்கேதான் இரு கட்சியும் சந்திக்கின்றன. அதே முதிய ஃபோர்மன், மூரரை வெல்வதற்கு ஓராண்டுக்கு முன், 1993 ஜூனில் டாமி மாரிசன் என்பவரிடம் தோற்றிருந்தார். மாரிசன் இயல்பிலே அடித்து நொறுக்கும் வகையினர்; ஆனால் அன்று அவர் அருகே வராமல் நகர்ந்து நகர்ந்து ஆடினார். ஃபோர்மனின் கால்கள் அவரைத் துரத்த முடியவில்லை. மூரரோ ஃபோர்மனின் எதிரிலேயே நின்றார். ஒன்பது சுற்றுகள் அவரே முன்னணியில் இருந்தார்; பத்தாம் சுற்றிலே அந்தப் பழைய வலக்கை வந்து சேர்ந்தது. மாரிசனுக்கும் மூரருக்கும் இடையே ஃபோர்மனுக்குக் கூடியது ஒரு வயதுதான். அந்த ஓராண்டில் அவர் இளைஞராகிவிடவில்லை. எதிரே நின்றவர் மாறினார், முடிவும் மாறியது.

இனி ஹோம்சிடம் வருவோம். ஹோம்ஸ், அலியின் பயிற்சிக் கூடத்திலே அவருக்குப் பயிற்சித் துணையாக நின்று தொழில் கற்றவர். நகர்ந்து ஆடுதல், நீண்ட இடக்கையால் நேர்க்குத்து விடுதல் ஆகிய இரண்டும் அவருடைய செல்வம். அதாவது அலியின் இளமை எதுவோ, அதுவே ஹோம்சின் முறை. முரடனான ஃபோர்மனுக்கு எதிரே அனுபவம் உதவியது. அவனைக் களைக்க வைக்கலாம். தன்னைப்போலவே சிந்திக்கின்ற, தன்னினும் விரைந்த கையுள்ள ஒருவனுக்கு எதிரே அனுபவம் எதைச் செய்யும்? கயிற்றில் சாய்ந்தால் அவன் களைப்பதில்லை, தொலைவிலிருந்தே குத்துகின்றான். நெருங்கினால் நழுவுகின்றான். அன்று அலியின் மீது ஏறியிருந்த மூப்பை, வேறெந்த முறையும் இத்துணைக் கொடுமையாக வெளிக்காட்டியிருக்காது.

ஆகவே நம் முடிவு இது. மூப்பு ஒரு வீரனின் வீட்டிலுள்ள கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகின்றது. எந்தக் கதவு அடைபட்டிருக்கின்றது என்பதை அவனும் அறியான், ஊரும் அறியாது. எதிரியின் முறையே அக்கதவைத் தட்டிக் காட்டுகின்றது. திறந்திருக்கும் கதவையே எதிரி தட்டினால், கிழவன் இளைஞனைப்போல் தோன்றுவான். அடைபட்டதைத் தட்டினால், நேற்றுவரை சாம்பியனாக இருந்தவன் ஒரே இரவில் முதியவனாகக் காணப்படுவான். மூப்பு எது என்றும் மாற்றான் எவன் என்றும் பிரித்துப் பேசுவது, நெல் விளைந்தது மழையாலா நிலத்தாலா என்று வழக்காடுவதை ஒக்கும்.

வழக்கு இத்தோடு முடிந்திருந்தால் நாம் உங்களை இவ்வளவு நேரம் இருத்தியிருக்க மாட்டோம். நான்காவது வலிமை ஒன்று எஞ்சியிருக்கின்றது: துணைநிற்போரின் வலிமை. உயிரும் உடலும் பிழைப்பது இதனால்தான்.

1975 அக்டோபர் 1ஆம் நாள் மணிலாவில் அலியும் ஃபிரேசியரும் மூன்றாம் முறை மோதினார்கள். பதினான்கு சுற்றுகள். ஃபிரேசியரின் கண்கள் வீங்கிப் பார்வை மறைந்தது. இன்னும் ஒரே ஒரு சுற்றுதான். அவர் எழ முயன்றார். பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் அவரை எழவிடாமல் தடுத்துப் பந்தயத்தை முடித்துவிட்டார். வெற்றி அலிக்குப் போயிற்று; ஃபிரேசியர் சினந்தார். ஆனால் ஒரு தந்தை செய்யவேண்டியதை ஃபட்ச் அன்று செய்தார்.

அலிக்கு அத்தகைய துணை இல்லாமலில்லை. 1977இல் எர்னி ஷேவர்சோடு நடந்த கடும்பந்தயத்துக்குப் பின், அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, உடல் கெடுகின்றது, இனி நிறுத்த வேண்டும் என்று எழுதினார். எவரும் செவிசாய்க்கவில்லை, மருத்துவர் விலகிக்கொண்டார். அலி இருந்தால் கூட்டம் உண்டு. கூட்டம் இருந்தால் பணம் உண்டு. பணம் இருக்குமிடத்தில் 'போதும்' என்று சொல்ல நா எழுவதில்லை. 1980இல் ஹோம்சோடு ஆடுமுன் மருத்துவச் சோதனை நடந்தது, அனுமதியும் கிடைத்தது. எடை குறைந்து, தோற்றத்தில் இளமை திரும்பியதுபோல் இருந்தார். அந்த இளமைத் தோற்றத்தில் தைராய்டு மருந்துக்கும் பங்கிருந்தது. அது உடலின் வலிவை உண்டது. வெளியே பார்த்தோர் மகிழ்ந்தார்கள், உள்ளே ஒன்றுமில்லை.

1984இல் அலிக்கு பார்க்கின்சன் நோய் இருப்பதாக மருத்துவர் அறிவித்தனர். தலையில் வாங்கிய அடிகளே அதற்கு முழுக் காரணமா என்பதிலே மருத்துவரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் தொடர்ந்து தலையில் அடிபடும் குத்துச்சண்டையாளரின் மூளை கெடுகின்றது என்பதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை நடுங்கும் கையால் அலி ஏற்றியபோது உலகம் கண்ணீர் விட்டது. 2016 ஜூன் 3ஆம் நாள் அவர் மறைந்தார். அந்தக் கண்ணீரில் ஒரு பங்கு, அவருடைய கடைசிப் பந்தயங்களுக்குச் சீட்டு வாங்கிக் கைதட்டிய உலகத்தின் குற்ற உணர்ச்சியாகவும் இருக்கக் கூடும்.

துணைவலி இல்லாவிட்டால் இளைஞனும் தோற்பான் என்பதற்கும் சான்றுண்டு. மூரரின் பயிற்சியாளர் டெட்டி அட்லஸ், ஃபோர்மனின் எதிரே நிற்காதே, நகர் என்று சுற்றுக்குச் சுற்று எச்சரித்தார். மூரர் கேட்கவில்லை. துணை இருந்தும் அதன் சொல்லைக் கொள்ளாதவனுக்குத் துணை இல்லாததற்கும் அவனுக்கும் என்ன வேறுபாடு?

நம் டில்லியில் அலியோடு நின்ற கௌர் சிங்கையும் இங்கே நினைக்க வேண்டும். 1983இல் பத்மஸ்ரீ பெற்ற அந்த வீரர், தம் முதுமையிலே இருதய மருத்துவத்துக்காகக் கடன் வாங்க நேர்ந்தது. செய்தி வெளிவந்த பின்னரே உதவிகள் வந்தன. 2023 ஏப்ரலில் அவர் மறைந்தார். மேடையில் இருக்கும்வரை கைதட்டுகின்றோம். இறங்கியபின் முகவரி கேட்பதில்லை. வீரனின் மூப்பு மேடையிலே பத்துச் சுற்று. மேடைக்கு வெளியே முப்பது ஆண்டு. எந்த மூப்புக்குத் துணை வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அன்பர்களே, இதை ஏன் குடும்பங்கள் கூடிய இடத்திலே சொல்லுகின்றோம்? ஊரை விட்டு இத்தனை கல் தொலைவு வந்து, கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் வேரூன்றியவர்கள் நாம். உழைப்பே நம்மை இங்கே நிறுத்தியது. ஆகவே உழைப்பதை நிறுத்துவது என்பது நம் பெரியோருக்கு ஒரு தோல்வியாகவே படுகின்றது. அறுபதில் ஓய்வுபெற்றவர் அறுபத்தொன்றில் மற்றோர் அலுவலகத்திலே கணக்கெழுதப் போகின்றார். எழுபதைக் கடந்தவர் மே மாத வெயிலிலே தாமே பேருந்து ஏறுவேன் என்கின்றார். அவருக்கு எந்தக் கதவு அடைபட்டது, எது திறந்திருக்கின்றது என்று உடனிருப்போர் பார்க்க வேண்டும். கால் தளர்ந்தவரின் கை தளர்ந்துவிட்டதென்று எண்ணி, எல்லா வேலையையும் பறிப்பது ஒரு கொடுமை. 'அப்பாவுக்கென்ன, சிங்கம்' என்று சொல்லிச் சொல்லியே அவரைப் பத்தாம் சுற்றுக்கு அனுப்புவது அதனினும் கொடுமை. முன்னது ஃபோர்மனைப் பார்த்து நகைத்தவர்களின் பிழை. பின்னது அலியைச் சூழ்ந்திருந்தவர்களின் பிழை.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தங்கைகளும் தம்பிகளும் இன்று கையுறை அணிகின்றார்கள்; நன்று. விரைவை மட்டும் நம்பாமல், கையை உயர்த்திக் காக்கும் அடிப்படையையும் கற்கச் சொல்லுங்கள். விரைவு இரவலாக வந்தது. என்றேனும் திருப்பிக் கேட்கப்படும். கற்ற அடிப்படை, கேட்கப்படும் அந்நாளிலும் கையில் இருக்கும். பயிற்சியாளர் 'போதும்' என்று சொல்லும்போது சினவாதிருக்கவும் அவர்களுக்குக் கற்பியுங்கள். அச்சொல்லைச் சொல்லும் துணிவு எட்டி ஃபட்சிடமும் ஆஞ்சலோ டண்டியிடமும் இருந்தது. அந்தத் துணிவு நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரிடமேனும் இருக்குமானால், இன்று நாம் பேசியது வீண்போகாது.